பினாங்கு இனிப்பு வேரும் என் இரண்டு கால்களும்

யூசுப், சபூரா, அன்வர், மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து இதைப் படியுங்கள். அன்வருக்கு இன்னும் எழுத்துக் கூட்டத்தான் வரும். பெரியவர்கள் இருவரும் அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். யார் படிப்பது என்று சண்டை வேண்டாம்.

உங்கள் அத்தா நான் ஆஸ்பத்திரியில் கிடந்த கதையை நீங்கள் மூவரும் மூன்று விதமாகச் சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்விப்பட்டேன். யூசுப், பஸ் பள்ளத்தில் உருண்டதாகவும் அத்தா ஜன்னல் வழியாகக் குதித்ததாகவும் நீ பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறாய். சபூரா, மாமா கொண்டுவந்த டப்பாவில் சீன தேசத்து விஷம் இருந்தது என்று உன்னோடு குர்ஆன் ஓதுகிற பிள்ளைகளிடம் நீ சொல்லியிருக்கிறாய். ஆஸ்பத்திரிக்குப் போனால் நிறைய வாழைப்பழம் கிடைக்கும் என்று அன்வர் சொல்கிறான். மூன்றில் அன்வர் சொல்வதுதான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கம்.

பஸ் உருளவில்லை. மாமா விஷம் கொடுக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. டாக்டர் சொன்னது எனக்கு எப்படிப் புரிந்ததோ அப்படித்தான் எழுத வரும்.

அத்தாவுக்கு வயிற்றெரிச்சல் பழைய சொத்து. பஸ் ஓட்டுகிறவனுக்கு வேளைக்குச் சோறு ஏது? செங்கல்பட்டில் வண்டியை எடுத்தால் திருக்கழுக்குன்றத்தில் ஒரு டீ, மகாபலிபுரத்தில் ஒரு டீ, நடுநடுவே பீடி. மத்தியானச் சோற்றைச் சாயங்காலம் சாப்பிடுவேன். நெஞ்சுக்குழிக்குக் கீழே கரித்துண்டை வைத்து யாரோ ஊதுகிற மாதிரி எரியும். உங்கம்மா மோர் கொடுத்தாள், கஞ்சி கொடுத்தாள், பீடியை விடச் சொல்லித் திட்டும் கொடுத்தாள். எதுவும் பலிக்கவில்லை.

அப்போதுதான் கோவளத்திலிருந்து உங்கள் ரஹீம் மாமா வந்தார். பினாங்கில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்துவிட்டுக் கப்பலில் ஊர் திரும்பியிருந்தார். உங்களுக்குப் பென்சிலும் பிஸ்கட்டும் கொடுத்தார். எனக்கு ஒரு தகர டப்பா. திறந்து பார்த்தால் மஞ்சளும் பழுப்புமாக, சாய்வாகச் சீவிய மரச் சில்லுகள்.

"இன்னாடா இது, தச்சுப் பட்டறையில பெருக்கிக்கினு வந்துட்டியா?" என்றேன்.

"ஒன்னு வாயில போட்டுக்கினு அப்புறம் பேசுங்க மச்சான்," என்றார் மாமா. "நம்ம கடைக்குப் பக்கத்துல சீனாக்காரன் மருந்துக்கடை ஒன்னு கீது. எனுக்கு வயிறு எரிஞ்சப்போ அங்கதான் போனேன். வேரு, பட்டை, தோலுன்னு பத்து தினுசு போட்டுக் கொதிக்க வெச்சுக் குடுத்தான். எல்லாம் ஒரே கசப்பு. இது ஒன்னுதான் இனிப்பு. மத்ததெல்லாம் நீங்க துப்பிடுவீங்கன்னு தெரியும். அதான் இத்த மட்டும் வாங்கியாந்தேன்."

வாயில் போட்டேன். சர்க்கரையின் இனிப்பு நாக்கில் பட்டதும் போய்விடும். இது நாக்கின் அடியில் ஊறி, தொண்டைக்குள் இறங்கி, அங்கேயே தங்குகிற இனிப்பு. தேனில் புரட்டி வறுத்ததாம். உங்கம்மாவும் ஒன்றை மென்று பார்த்துவிட்டு, "சாயாவுல போட்டா சக்கரை மிச்சம்," என்றாள்.

சில நாளிலேயே வயிற்றெரிச்சல் அடங்கியது. இருமலும் போனது. அதைவிடப் பெரிய விசேஷம், பீடி நின்றுபோனது. பீடி ஆசை வரும்போதெல்லாம் ஒரு சில்லைக் கடைவாயில் அடக்கிக்கொள்வேன். இனிப்பு போனால் இன்னொன்று. செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரம் வரை, மறுபடி மகாபலிபுரத்திலிருந்து செங்கல்பட்டு வரை, கன்னம் காலியாக இருந்த நேரமே இல்லை. சட்டைப் பையில் பீடிக்கட்டு இருந்த இடத்தில் இந்தச் சில்லுகள் இருந்தன. வீட்டுக்கு வந்தால் உங்கம்மா அதையே சாயாவில் போட்டுக் கொடுப்பாள். டப்பா தீர்ந்தால் மாமா பெட்டியிலிருந்து இன்னொன்று வரும். பினாங்கிலிருந்து வந்த டிரங்குப் பெட்டியில் பாதியை அதுதான் அடைத்திருந்தது.

இங்கேதான் ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். மருந்து என்றால் கசக்கும், அதைக் குடிக்கிறவன் முகம் சுளிப்பான், ஒரு வேளை தப்பினால் வீட்டில் சண்டை வரும். இது இனித்தது. உங்கம்மா அந்த டப்பாவைப் பேரீச்சம்பழத்துக்குப் பக்கத்தில்தான் வைத்தாள். விருந்தாளி வந்தால் தட்டில் வைத்து நீட்டினாள். வந்த வேகத்தில் அது எங்களுக்குத் தின்பண்டமாகிவிட்டது. மருந்து என்கிற பெயரையே மறந்துவிட்டோம்.

அப்புறம் முகம் கொஞ்சம் உப்பியது. பஸ் ஸ்டாண்டில் அதற்கும் நல்ல பெயர்தான் கிடைத்தது. கண்டக்டர் முனுசாமி, உங்களுக்குத் தெரிந்த கருங்குழிக்காரர்தான், "பாய் இப்ப பூசினாப்புல கீறாரு. பீடிய வுட்டா ஒடம்பு இப்படித்தான் ஏறும்," என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தலை கனத்தது. சாயங்காலமானால் செருப்பு வார் கணுக்காலில் பதிந்துவிடும். பஸ் படியில் ஏறும்போது, யாரோ பின்னாலிருந்து வேட்டியைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் திருக்கழுக்குன்றத்தை விட்டுச் செங்கல்பட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். வழியில் ரோட்டில் கேழ்வரகுக் கதிரைப் பரப்பியிருந்தார்கள். பஸ் சக்கரம் ஏறினால் அடிக்கிற வேலை மிச்சம் அல்லவா? வேகத்தைக் குறைக்கலாம் என்று காலை எடுக்கப் பார்த்தேன். கால் வரவில்லை. இருக்கிற இடத்திலேயே மண்மூட்டை மாதிரி கிடந்தது. பிரேக் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது, என் காலோ போக மாட்டேன் என்கிறது. கையால் தொடையைப் பிடித்துத் தள்ளிவிட்டு, இன்னொரு கையால் ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். கதிர்க் குவியலில் சக்கரம் புதைந்து வண்டி நின்றது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். பயணிகளுக்கு எதுவும் தெரியக்கூட இல்லை.

கதிர் காயவைத்த அம்மாள் மட்டும் முறத்தோடு ஓடிவந்தாள். "யோவ் டைவரு, கதுரு மேலயே வண்டிய நிறுத்திகினு இன்னா பண்ற? ஏத்திக்கினு போயா. அந்தாண்ட பாதி அப்படியே கீது பாரு."

முனுசாமி என்னை முதுகில் தூக்கிக்கொண்டபோதுதான் அவள் வாயை மூடினாள். பிறகு அவளே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்காரவைத்தார்கள். உங்கம்மா அன்வரை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். அவள் அழவில்லை. என் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான். கால் போன டிரைவரை எவன் வைத்துக்கொள்வான்? எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதானே. பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். பாரிசவாயு என்றார் ஒருவர். ஏதோ காற்றுக் கருப்பு என்றார் இன்னொருவர்.

பெரிய டாக்டர் கண்ணாடி போட்ட, பொறுமையான மனிதர். சின்ன ரப்பர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். நல்ல கால் என்றால் தட்டியதும் தானாக உதைக்குமாம். என் கால் சும்மா தொங்கியது. கையில் துணிப்பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, ஒரு கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறி இறங்குவதைப் பார்த்தார். உடம்பின் ரத்தக் குழாய்க்குள் ரத்தம் எவ்வளவு முட்டி ஓடுகிறது என்று பார்ப்பதற்காம். ரத்த அழுத்தம் என்று பெயர். என்னுடையது மிகவும் ஏறியிருந்தது. கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. உடம்பில் தண்ணீர் தங்கியிருக்கிறது என்று அர்த்தம். சிறுநீரகம் கெட்டதா என்று பார்க்க மூத்திரம் எடுத்தார்கள். ரத்தத்தை எடுத்து மதராஸுக்கு அனுப்பினார்கள்.

"நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா? லேகியம், கஷாயம், பஸ்பம்?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒன்னும் கெடையாது சார்," என்றேன்.

"அவருக்கு மருந்துன்னாலே ஆவாது டாக்டர். மோரு குடுத்தாக்கூட முறைப்பாரு," என்றாள் உங்கம்மா.

இரண்டு பேரும் சத்தியமாகத்தான் சொன்னோம்.

வார்டில் என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில் எல்லப்பனுடையது. சதுரங்கப்பட்டினத்து மீனவர். கட்டுமரத்தைக் கரையேற்றும்போது தொடை எலும்பு முறிந்து, காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு, கயிற்றில் தூக்கித் தொங்கவிட்டிருந்தார்கள். முதல் நாளே என்னைப் பார்த்து, "இன்னா பாய், எனுக்குக் காலு ஓடிடும்னு கட்டி வெச்சிகிறாங்க. உனுக்கு அவுத்து வுட்டும் ஓடல. ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு தேறுமா?" என்றார். அந்தச் சூழ்நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் இல்லாவிட்டால் அந்த வார்டு எனக்கு நரகமாக இருந்திருக்கும்.

உப்பில்லாத சாப்பாடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். உப்பில்லாத கஞ்சி வாயில் வைக்க விளங்காது. உங்கம்மா தினமும் வீட்டிலிருந்து கொண்டுவந்து ஊட்டுவாள். வீட்டில் அவளும் உப்புப் போடாமல்தான் சாப்பிட்டாள் என்று சபூரா, நீதான் பிற்பாடு எனக்குச் சொன்னாய். அவளைக் கேட்டதற்கு, "ரெண்டு அடுப்பு யாரு பத்த வெக்கிறது?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒரே அடுப்பில் இரண்டு பாத்திரம் வைக்கத் தெரியாதவளா அவள்?

இரவில்தான் பயம் வரும். விளக்கைத் தணித்த பிறகு, போர்வைக்குள் கால் கட்டைவிரலை அசைத்துப் பார்ப்பேன். அசையும். கணுக்காலையும் அசைப்பேன், அதுவும் கொஞ்சம் அசையும். முழங்காலைத் தூக்கப் பார்ப்பேன். கட்டிலோடு ஒட்டிக் கிடக்கும். யா அல்லாஹ் என்று சொல்லிவிட்டு மறுபடி கட்டைவிரலிலிருந்து தொடங்குவேன்.

முனுசாமி சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஒரு நாள் டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, சுற்றிலும் பார்த்து, பையைத் திறந்தார். உள்ளே உயிரோடு ஒரு புறா.

"பொறா ரத்தத்த சூட்டோட தடவுனா பாரிசவாயு பறந்துடும் பாய். எங்க மாமனாருக்குப் பறந்துச்சு."

சொல்லி முடிப்பதற்குள் புறா கையிலிருந்து நழுவி, எல்லப்பனின் காலைத் தூக்கிக் கட்டியிருந்த கயிற்றில் ஒரு நொடி உட்கார்ந்துவிட்டு, உத்தரத்துக்கு ஏறிவிட்டது. சிஸ்டரம்மா துடைப்பத்தோடு வந்தார்கள்.

"யாருய்யா இதைக் கொண்டுவந்தது?"

"வாயு பறக்கும்னு சொன்னாரு சிஸ்டர்," என்றார் எல்லப்பன். "வாயு இங்கியேதான் கீது. பொறாதான் பறந்துச்சு."

சிஸ்டரம்மா முனுசாமியை வெளியே போகச் சொன்னார்கள். போகிற போக்கில் அவர் என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். "வார்டுக்குள்ள பீடி பிடிச்சா வெளிய தொரத்திடுவாங்க பாய். அதான் வூட்டுல போயி உன் இனிப்புக் குச்சிய எடுத்தாந்தேன். இதுக்கு யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க."

என்ன பாசம் பாருங்கள். அதற்குப் பிறகு தினமும் ஒரு பொட்டலம் வந்தது. படுத்தே கிடப்பவனுக்கு வேறு பொழுதுபோக்கு ஏது? பஸ் ஓட்டும்போது மென்றதைவிட அங்கே அதிகமாகவே மென்றேன்.

மதராஸிலிருந்து ரத்தச் சேதி வந்தது. டாக்டர் என் கட்டிலில் உட்கார்ந்து, எனக்கும் உங்கம்மாவுக்கும் விளக்கிச் சொன்னார். நாம் சோற்றில் போடுவது ஒரு உப்பு. உடம்புக்குள் பொட்டாசியம் என்று இன்னொரு உப்பும் இருக்கிறதாம். இளநீர், வாழைப்பழம், கீரை இதிலெல்லாம் இருப்பது அதுதான். தசை இழுத்து விரிவதற்கு அது வேண்டும். வண்டிக்குப் பெட்ரோல் மாதிரியா என்று கேட்டேன். பெட்ரோல் இருக்கிறது, பேட்டரி இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். என் ரத்தத்தில் அது மிகவும் குறைந்திருந்தது. இன்னும் குறைந்தால் நெஞ்சுத் துடிப்பே தடுமாறும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அதை ஈடுகட்ட ஒரு மருந்துத் தண்ணீர் கொடுத்தார்கள். உப்பும் கசப்புமாகத் தொண்டையைச் சுரண்டும்.

அதைக் குடித்தும் கால் தேறவில்லை. மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். அப்படியேதான் இருக்கிறது என்று சேதி வந்தது. டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஊத்தறதெல்லாம் எங்கியோ ஒழுகிடறது. எங்கேன்னுதான் தெரியல. மதராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்னு பாக்கறேன்," என்றார்.

மதராஸ் என்றதும் உங்கம்மா முகம் வெளுத்தது. அன்று சாயங்காலம் பஸ் முதலாளியின் கணக்குப்பிள்ளை வேறு வந்து, வண்டிக்குத் தற்காலிகமாக வேறு டிரைவர் போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். தற்காலிகம் என்பதை அழுத்தித்தான் சொன்னார். ஆனாலும் என் ஸ்டீயரிங்கில் இன்னொருவன் கை. திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் டாக்டர் வந்து நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினேன்.

"ஆ சொல்லுங்க."

சொன்னேன். அவர் குனிந்து பார்த்தார்.

"அந்தக் கன்னத்துல என்ன?"

"ஒன்னுமில்ல சார். குச்சி."

"என்ன குச்சி?"

"சும்மா சார். பீடிக்குப் பதிலா."

"துப்புங்க."

துப்பினேன். அவர் அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், முகர்ந்தார். பொட்டலத்திலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து, கொஞ்சம் கடித்து மென்றார். மென்றுகொண்டே ஜன்னலைப் பார்த்தார். பிறகு என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். எல்லப்பனுக்குக் காரணம் தெரியாவிட்டாலும் அவரும் சேர்ந்து சிரித்தார்.

"அதிமதுரம் ஐயா இது," என்றார் டாக்டர். "சீனாக்காரங்க பக்குவம் பண்ணினது. வாசனை வேற, ஆனா ஆள் அதேதான். நாளைக்கு எத்தனை தின்னுவீங்க?"

"கணக்கு வெச்சிக்கல சார். ஒன்னு தீந்தா ஒன்னு."

"எத்தனை மாசமா?"

"மச்சான் ஊருக்கு வந்ததுலேருந்து."

"நான் மருந்து சாப்பிடறீங்களான்னு கேட்டேனே."

"இது தின்பண்டம் சார்," என்றாள் உங்கம்மா. அப்போதும் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

பிள்ளைகளே, அவர் சொன்னதை இங்கே எழுதுகிறேன். இதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன். அதிமதுரம் நல்ல வேர். வயிற்றுப் புண்ணை ஆற்றும், சளியை இளக்கும், தொண்டைக் கட்டை அவிழ்க்கும். என் எரிச்சல் நின்றது பொய் இல்லை. சீன வைத்தியர்கள் அதைத் தனியாக அள்ளிக் கொடுப்பதில்லை. மற்ற மருந்துகளின் முரட்டுத்தனத்தைத் தணித்து எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணங்கவைக்க, கூட்டத்தில் ஒரு பெரிய மனிதரை உட்காரவைக்கிற மாதிரி, கொஞ்சம் சேர்ப்பார்கள். அதையே நிறைய, நீண்ட நாள் தின்றால், உடம்பு தண்ணீரையும் சோற்று உப்பையும் வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். முகம் உப்புவதும், கால் வீங்குவதும், ரத்த அழுத்தம் ஏறுவதும் அதனால்தான். பொட்டாசியத்தையோ மூத்திரத்தில் வெளியே தள்ளிவிடும். டாக்டர் மேலே ஊற்ற ஊற்ற, நான் கீழே குழாயைத் திறந்துவைத்திருந்தேன். ரத்த அழுத்தம் உள்ளவர்கள், சிறுநீரகம், இருதயம் பழுதுபட்டவர்கள், பிள்ளை உண்டானவர்கள் இதைத் தொடாமலிருப்பது நல்லது என்றும் சொன்னார்.

"காலு திரும்பி வருமா சார்?" என்று கேட்டேன்.

"வரும். உடனே வராது. உள்ளே ஏறினது இறங்க நாளாகும். நீங்க வாயை மூடிக்கிட்டா போதும், மத்ததை நான் பாத்துக்கறேன்."

பொட்டலத்தை அவரே எடுத்துக்கொண்டு போனார்.

சேதி கேட்டு ரஹீம் மாமா கோவளத்திலிருந்து, திருப்போரூரில் பஸ் மாறி, வேர்க்க வேர்க்க வந்தார். வார்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மச்சான், மிச்சத்த எல்லாம் கடல்ல கொட்டிடறேன்."

"ஏன், மீனுக்கெல்லாம் காலா கீது, வெளங்காம போறதுக்கு?" என்றார் எல்லப்பன். "எங்க பொழப்புல மண்ணப் போடாத சாமி."

மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. என் காலடியில் உட்கார்ந்து, "கசக்கும்னுதான் மச்சான் மத்தத வுட்டுட்டேன்," என்றார். மறுபடியும் அதையே சொன்னார். டாக்டர் அந்தப் பக்கம் வந்தவர் இதைக் கேட்டு அவர் தோளில் கை வைத்தார். "நல்ல வேளை, இனிப்பை வாங்கினீங்க. அந்தக் கடையில இதைவிட வேகமான சரக்கெல்லாம் இருக்கும்," என்றார். சபூரா, உன் மாமா செய்த குற்றம் இவ்வளவுதான். பத்து தினுசில் எனக்குப் பிடிக்கும் என்று ஒன்றைப் பொறுக்கி எடுத்தார். இனி விஷம் என்று சொல்லாதே. மாமா வந்தால் நீயே போய்ச் செம்பில் தண்ணீர் கொடு.

டாக்டர் இளநீரும் வாழைப்பழமும் நிறையச் சாப்பிடலாம் என்றார். அதை அவர் முனுசாமி காதில் விழும்படி சொல்லியிருக்கக் கூடாது. முனுசாமி பஸ் ஸ்டாண்டில் போய்ச் சொன்னார். அங்கிருந்து ஒவ்வொரு வண்டியும் அந்தச் சேதியை ஊர் ஊராக ஏற்றிக்கொண்டு போனது. மறுநாளிலிருந்து கருங்குழி வண்டி பூவன் தார் இறக்கியது. மகாபலிபுரத்து வண்டி இளநீர் இறக்கியது. கதிர் காயவைத்த அந்த அம்மாள் முருங்கைக்கீரைக் கட்டு அனுப்பினாள், "இப்பவாச்சும் ஒழுங்கா ஓட்டச் சொல்லு," என்ற சேதியோடு. கட்டிலுக்கு அடியில் இளநீர்க் காய்கள் உருண்டு சிஸ்டரம்மா காலில் இடித்தன. ஜன்னல் கம்பியெல்லாம் தார் தொங்கியது. வார்டில் இருந்த எல்லோருக்கும் பழம். எல்லப்பன் சாப்பிட்ட பழத்துக்கு எலும்பு ஒட்டியதோ என்னவோ, தொப்பை போட்டது.

"இது ஆஸ்பத்திரியா, கொத்தவால் சாவடியா?" என்று சிஸ்டரம்மா கேட்டார்கள். கேட்டுக்கொண்டே இரண்டு பழம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

உடம்பில் கட்டிக்கிடந்த தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. அதை விவரமாக எழுத வேண்டாம். "பாய், செங்கல்பட்டு ஏரி ரொம்பிடும் போலக்கீது," என்று எல்லப்பன் சொன்னதோடு விட்டுவிடுகிறேன். கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்தது. அழுத்தினால் குழி விழவில்லை. கன்னம் ஒட்டியது. உங்கம்மா, "இப்பதான் நம்ம வூட்டு ஆளு மாதிரி கீது," என்றாள்.

ஒரு நாள் காலையில் அவள் கஞ்சிக் கிண்ணத்தை என் மடியில் வைக்க வந்தாள். கிண்ணம் சாய்ந்துவிடும் என்று அனிச்சையாக முழங்காலை மடக்கித் தூக்கினேன். தூக்கிய பிறகுதான் இரண்டு பேருக்கும் புரிந்தது. கஞ்சி எல்லாம் போர்வையில். அதை யார் பார்த்தார்கள்? உங்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எல்லப்பன் தொங்குகிற காலோடு இரண்டு கையையும் தட்டினார். அதுவரை உத்தரத்திலேயே குடியிருந்த புறா பயந்து ஜன்னல் வழியாக வெளியே போனது.

பிள்ளைகளை வார்டுக்குள் விட மாட்டார்கள் என்பதால் அன்று சாயங்காலம் நீங்கள் மூவரும் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றீர்கள். நான் காலைத் தூக்கிக் காட்டினேன். யூசுப், நீ அழுதாய். நீ பெரியவன், மறந்திருப்பாய். அன்வர் மட்டும், "இன்னொரு காலு?" என்று கேட்டான். அதையும் தூக்கிக் காட்டினேன்.

பிறகு சுவரைப் பிடித்து நடந்தேன். எல்லப்பன் கட்டிலிலிருந்து சிஸ்டரம்மா மேஜை வரை, அப்புறம் வராந்தா, அப்புறம் படிக்கட்டு. படியில் இறங்குவதைவிட ஏறுவது கஷ்டம். ஏறிய நாளில் டாக்டர் மறுபடி சுத்தியலால் தட்டினார். கால் பட்டென்று உதைத்து, அவர் கையிலிருந்த காகிதம் பறந்தது. "போதும், போதும்," என்றார். "வீட்டுக்குப் போங்க. கொஞ்ச நாள் பொறுத்து வண்டி எடுக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் உங்கம்மா மீதியிருந்த டப்பாவைப் பேரீச்சம்பழத்துக்குப் பக்கத்திலிருந்து எடுத்து, மேலே மருந்துப் புட்டிகள் இருக்கிற பலகைக்கு ஏற்றினாள். உங்களில் யாருக்காவது தொண்டை கட்டினால் ஒரு சின்னத் துண்டு கிடைக்கும். ஒன்றுதான். இன்னொன்று கேட்டால் அத்தாவின் காலைக் காட்டுவாள். எனக்கு இப்போது எரிச்சலுக்குப் பாலும், வேளைக்குச் சோறும். முனுசாமி கையில் தூக்குச்சட்டியோடு மணியைப் பார்த்துக்கொண்டு என் தலைமேல் நிற்கிறார். பீடியைத் திரும்பத் தொடவில்லை. வாய் சும்மா இருக்க மாட்டேன் என்றால் வறுத்த வேர்க்கடலை.

முதல் நாள் வண்டி எடுத்தபோது தற்காலிகமாக ஓட்டிய டிரைவர் சாவியோடு ஒரு சாத்துக்குடியும் கொடுத்தார். திருக்கழுக்குன்றம் போகும் வழியில் வேண்டாத இடத்திலெல்லாம் பிரேக்கை மிதித்தேன். பயணிகள் முன்னால் சாய்ந்து சாய்ந்து எழுந்தார்கள். "பாய், காலு நல்லா கீதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. வுட்டுடு," என்று முனுசாமி பின்னாலிருந்து கத்தினார்.

மகாபலிபுரத்தில் எல்லோரும் இறங்கினார்கள். முனுசாமியும் கிளீனரும் டீக்கடைக்குப் போனார்கள். கடல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. மத்தியான வெயிலில் ரோட்டில் ஒரு ஆள் இல்லை. இந்த வண்டியின் இன்ஜினைக் கிளப்ப ஹேண்டில் போடுவது கிளீனர் வேலை. முன்னால் குனிந்து, காலை ஊன்றி, இடுப்பிலிருந்து இழுத்துச் சுற்ற வேண்டும். நான் இறங்கி, சீட்டுக்கு அடியிலிருந்து ஹேண்டிலை எடுத்தேன். முன்னால் போய் மாட்டினேன். கால் இரண்டையும் மணலில் அகட்டி ஊன்றிக்கொண்டு, பிஸ்மில்லாஹ் என்று ஒரு இழுப்பு இழுத்தேன். வண்டி உறுமிப் பிடித்துக்கொண்டது.

ஏறிப்போய் இன்ஜினை நிறுத்தினேன். டீக்கடைப் பக்கம் பார்த்தேன். யாரும் வரவில்லை. இறங்கி வந்து இன்னொரு தடவை ஹேண்டில் போட்டேன்.